சோளம் மட்டும் நிமிர்ந்து நின்றது

உரக்கா என்ற பெயரை அவளுக்கு வைத்தது அவளுடைய நாத்தனார்தான். அன்பில் வைத்த பெயர் இல்லை. சில வருஷங்களுக்கு முன்னால், குடியிருப்பின் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிக் கிடந்த காலி மனையில் அவள் முதன்முதலாகக் காய்கறித் தோலைக் கொட்டி மண் போட்டு மூடியபோது, நாத்தனார் மூன்றாவது மாடி பால்கனியில் நின்று, "பாருங்க, வந்துட்டா உரக்கா" என்று நாலு வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னார். நாலு வீடு நாற்பது வீடாயிற்று. பெயர் ஒட்டிக்கொண்டது. கட்டிய கணவரே பேருந்து ஓட்டிவிட்டு வந்து செருப்பைக் கழற்றும்போது, "உரக்கா, டீ இருக்கா?" என்று கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டது. அவள் சண்டைக்குப் போகவில்லை. பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சு செய்த காலத்தில் எல்லோரும் அவளை "ஏம்மா" என்றுதான் கூப்பிட்டார்கள். இதுவாவது ஒரு பெயர்.

அந்த மனை அப்போது இருந்த இருப்பைச் சொன்னால் இன்று யாரும் நம்ப மாட்டார்கள். உடைந்த கழிப்பறைப் பீங்கான், பழைய மெத்தை, கொசு. அதை அவள் ஒவ்வொரு கையளவாகச் சுத்தம் செய்தாள். செங்கல்லை அடுக்கி நாலு தொட்டி கட்டினாள். குடியிருப்பில் வீடு வீடாக ஏறி இறங்கி, ஈரக் குப்பை ஒரு வாளி, உலர்ந்த குப்பை ஒரு வாளி என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிப்போனாள். இயற்கையை எல்லோருக்கும் பிடிக்கும், நாற்றம் வராத வரைக்கும். முதல் வருஷம் கதவைத் திறந்தவர்களைவிடச் சாத்தியவர்கள்தான் அதிகம். இரண்டாவது வருஷம் உரம் கறுப்பாக, உதிரியாக, மழை விட்ட மண்ணின் வாசனையோடு வெளியே வந்தபோதுதான் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் மனையிலேயே ஆளுக்கு ஒரு பாத்தி பிரித்துக் கொடுத்தாள். தக்காளி, மிளகாய், பீன்ஸ், கத்திரி. வாசலில் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்கிற இரண்டு குடும்பங்கள் பாத்தியில் பார்த்தால் விதை மாற்றிக்கொண்டன.

நாத்தனார் மட்டும் லேசில் மசியவில்லை. அவர் வீட்டுக் குப்பை படியிறங்கி வந்ததே இல்லை, பறந்துதான் வந்தது. தோல், முட்டை ஓடு, பால் கவர், தேய்ந்த பல் துலக்கும் பிரஷ், எல்லாவற்றையும் ஒரே பையில் முடிச்சுப் போட்டு, குறி பார்த்து எறிவார். உரக்காவின் குவியல் மேலேயே பொத்தென்று விழும். "அண்ணி, பிரிச்சுப் போடுங்க அண்ணி" என்று கீழேயிருந்து இவள் கெஞ்சுவாள். "பிரிக்கிறதுதானே உன் வேலை, பிரி" என்று மேலேயிருந்து பதில் வரும்.

ஒரு நாள் பை தலையிலேயே விழுந்தது. உரக்கா பையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினாள். நாத்தனார் வீட்டு வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் பரப்ப ஆரம்பித்தாள். தோல் ஒரு பக்கம், பிளாஸ்டிக் ஒரு பக்கம். பாதியில் கை நின்றது. சாக்லேட் காகிதங்கள். ஒன்று இரண்டு இல்லை, கை நிறைய. நாத்தனாருக்குச் சர்க்கரை வியாதி. இனிப்பைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை என்று தம்பியிடம் சத்தியம் செய்திருந்தவர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உரக்கா அந்தக் காகிதங்களைக் கைக்குள் சுருட்டிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போனாள். வீட்டுக்காரரிடம்கூட மூச்சு விடவில்லை.

மறுநாளிலிருந்து நாத்தனார் தன் குப்பையைத் தானே பிரித்தார். இன்னொருத்தி கை அதில் பட்டுவிடக் கூடாதே என்ற பயம்தான் காரணம். பயத்தில் ஆரம்பித்தது பழக்கமாகி, பழக்கம் வெறியாகவே ஆகிவிட்டது. பால் கவரைக் கழுவி, பால்கனிக் கொடியில் கிளிப் மாட்டிக் காயப்போட்டு, நாலாக மடித்துக் கொண்டுவந்து கொடுக்கிற ஒரே வீடு அவருடையதுதான். பிறகு ஒரு பாத்தியும் கேட்டு வாங்கினார். அவர் பாத்தித் தக்காளி மற்றவர்கள் பாத்தித் தக்காளியைவிட ஒரு சுற்றுப் பெரிதாக இருக்கும். "உன் உரம்னா நான் கண்ணை மூடிட்டுப் போடுவேன்டி" என்பார். உரக்காவுக்கு யார் பாராட்டியும் வராத கூச்சம் அப்போது வரும்.

இத்தனைக்கும் மனை குடியிருப்புச் சங்கத்துக்குச் சொந்தம். வருஷத்துக்கு ஒரு முறை கூட்டம் போட்டு, உரத்தொட்டி தொடரட்டுமா, வேண்டாமா என்று கை தூக்கச் சொல்வார்கள். சங்கச் செயலாளருக்கு இரண்டு கார். நிறுத்த ஒன்றுக்குத்தான் இடம். அதனால் அவரை எல்லோரும் முதுகுக்குப் பின்னால் ரெண்டுகார் என்பார்கள். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. தினமும் இரண்டாவது காரைத் தெருவில் விட்டுவிட்டு, யார் கீறிவிடுவார்களோ என்று தூக்கம் கெட்டுக் கிடக்கிற மனிதருக்கு அந்த மனை சிமெண்ட் தரையாகத்தான் கண்ணில் தெரியும். போன வருஷம் உரத்தொட்டி ஒரே ஒரு கையில் தப்பியது. அந்தக் கை நாத்தனாருடையது.

அதனால் இந்த வருஷம் உரக்கா முன்யோசனையோடு இருந்தாள். கூட்டத்தை அறைக்குள் நடத்தாமல் மனையிலேயே, பாத்திகளுக்கு நடுவிலேயே நடத்தச் சொல்லிச் சம்மதமும் வாங்கிவிட்டாள். அதற்குள் எல்லாப் பாத்தியும் காய்த்துக் குலுங்க வேண்டும். தக்காளியைப் பார்த்துக்கொண்டே தக்காளிக்கு எதிராகக் கை தூக்க யாருக்கு மனசு வரும்? இதுதான் அவள் கணக்கு.

கணக்கு இலையில் இடித்தது. உரம் போடத் தெரிந்தவர்களுக்கு இது தெரியும்: ஈரக் குப்பை மட்டும் போதாது. அதோடு உலர்ந்த இலையோ சருகோ சேராவிட்டால் தொட்டி அழுகி நாறும். இத்தனை வருஷமும் பெரிய சாலை மரங்கள் உதிர்த்த சருகை அள்ளிக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் சாலையை அகலப்படுத்துகிறோம் என்று அத்தனை மரத்தையும் வெட்டிவிட்டார்கள். வெட்டிய இடத்தில் 'மரம் வளர்ப்போம்' என்று ஒரு பலகை வைத்தார்கள். அதில் மரம் படமாக இருந்தது. படம் சருகு உதிர்க்காது.

அவள் அலைந்தாள். மர அறுவைக் கூடத்தில் தூள் இல்லை என்றார்கள். கடைசியில் விளையாட்டு மைதானத்துச் சுவரோரம் வெட்டிப் போட்ட புல், மலை மாதிரி காய்ந்து கிடப்பதைப் பார்த்தாள். மைதானக்காரர் நல்ல மனிதர். "எடுத்துக்கோங்கம்மா, எனக்கும் இடம் காலியாகும்" என்றார். வண்டி கிளம்பும்போது, "மாடு கீடுக்குப் போட்டுடாதீங்க" என்று ஒரு வார்த்தையும் சொன்னார். "எங்க வீட்டுல மாடு எல்லாம் இல்லீங்க, வீட்டுக்காரர் மட்டும்தான்" என்றாள் உரக்கா. இரண்டு பேரும் சிரித்தார்கள். வண்டிக்காரரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு பிற்பாடு அவள் காதில் எத்தனை தடவை கேட்டது என்று அவளுக்குத்தான் தெரியும்.

புல் அருமையாக மக்கியது. தொட்டிக்குள் கை வைத்தால் சுட்டது. இப்படி ஒரு உரம் இதுவரை வந்ததில்லை என்று அவளே சொல்லிக்கொண்டாள். பிரித்துக் கொடுப்பதற்கு முன்னால் அவள் எப்போதும் ஒரு சோதனை செய்வாள். புது உரத்தை ஒரு கோப்பையில் நிரப்பி நாலு பீன்ஸ் விதை ஊன்றுவாள். முளைத்து இலை விரிந்தால் உரம் பழுத்துவிட்டது. சுருண்டால் இன்னும் கிடக்கட்டும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, முதல் வருஷம் பழுக்காத உரத்தைப் போட்டு நாற்றைச் சாகடித்தபோது அவளாகக் கண்டுபிடித்துக்கொண்டது. அதை ஒரு தடவைகூட விட்டதில்லை.

இந்தத் தடவை பீன்ஸ் டப்பாவைத் திறந்தால், விதை முழுக்க வண்டு. ஒவ்வொரு விதையிலும் ஒரு ஓட்டை. கடைக்குப் போய்வர அலுப்பு. நாற்று வாங்கி வைத்தாயிற்று, வாடிக்கொண்டிருக்கிறது, கூட்டத்துக்கு நாள் நெருங்குகிறது. அலமாரியில் பக்கத்து டப்பாவில் மக்காச்சோளம் இருந்தது. வீட்டுக்காரர் தொலைக்காட்சியில் ஆட்டம் பார்க்கும்போது பொரித்துத் தின்பதற்கு வாங்கியது. விதை விதைதானே என்று அதில் நாலை எடுத்து ஊன்றினாள்.

சோளம் சொன்ன பேச்சைக் கேட்டது. மண்ணைக் குத்திக்கொண்டு வந்தது, பச்சையாக, நேராக. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் மாடி மாடியாக ஏறி எல்லோருக்கும் காட்டினாள். ரெண்டுகார் கதவைக்கூடத் தட்டினாள். "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார் அவர், முகத்தில் ஈயாடவில்லை. நாத்தனார் கோப்பையை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "எனக்கு ரெண்டு பங்கு வேணும்" என்றார். இரண்டு பங்கு கொடுத்தாள். வீட்டுக்காரர் அந்தச் சோள நாற்றைத் தூக்கிப்போட மனசில்லாமல் மனையின் மூலையில் நட்டார். "என் தீனி, நானே வளர்த்துக்கிறேன்" என்றார்.

முதலில் சுருண்டது நாத்தனாரின் தக்காளி.

நுனி இலைகள் கிண்ணம் போலக் குவிந்தன. பிறகு நூலாக மெலிந்து முறுக்கிக்கொண்டன. தண்டு தடித்து, கோணி, வலிப்பு வந்த மாதிரி திருகியது. உரக்கா தண்ணீர் குறைவு என்றாள். தண்ணீர் ஊற்றினார்கள். அடுத்த வாரம் பீன்ஸ், அதற்கடுத்து மிளகாய், கத்திரி. ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். இரண்டாவது மாடியில் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் வெயில் என்றாள். முதல் மாடித் தையல்காரர் பூச்சி என்றார். நாத்தனார், "ரெண்டுகாரோட கண்ணு பட்டுடுச்சு, வேற ஒண்ணும் இல்ல" என்றார். இலையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள் உரக்கா. ஒரு பூச்சி இல்லை, ஒரு முட்டை இல்லை. பூச்சி இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

ஒரு சாயங்காலம் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து மூலையில் தன் சோளத்துக்குப் பக்கத்தில் நின்றார். சோளம் அவர் தோளுக்கு வந்துவிட்டது. "என்னைத் தாண்டிடும்போல இருக்கே" என்றார், இந்தச் சமயத்தில் சந்தோஷப்படலாமா கூடாதா என்று தெரியாத குரலில். உரக்கா நிமிர்ந்து பார்த்தாள். சோளம். அதன் காலடியில் புல், களையாக முளைத்த புல், அதுவும் தளதளவென்று. அதைச் சுற்றி அகன்ற இலை உள்ளது எதுவோ அது அத்தனையும் சுருண்டு கிடந்தது. அதே மண், அதே தண்ணீர், அதே வெயில். புல்லும் புல்லின் பங்காளியான சோளமும் மட்டும் நிமிர்ந்து நின்றன. 

மறுநாள் காலை மைதானத்துக்குப் போனாள். மைதானக்காரர் பெருமையாகத் தரையைக் காட்டினார். "பாருங்க, ஒரு களை இருக்கா? பூரா புல்லு. அகல இலையா ஒண்ணு தலை தூக்காது. மருந்து அப்படி." மருந்து டப்பா எங்கே என்று கேட்டாள். கொட்டகையிலிருந்து எடுத்து வந்து கொடுத்தார். பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி, டப்பாவை மூக்குக்குக் கிட்டே பிடித்துப் படித்தாள். புல்லை ஒன்றும் செய்யாது. மற்ற செடிகளைக் கொல்லும். தெளித்த புல்லை உரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, மக்கினாலும் மருந்து போகாது, மண்ணில் வருஷக்கணக்கில் நிற்கும்.

"ஏங்க சொல்லல?" என்றாள்.

"மாட்டுக்குப் போடாதீங்கன்னு சொன்னேனேம்மா. மாடு தின்னா சாணியில கூட அந்த மருந்து இறங்கும்னு எங்க மேலாளர் சொல்லுவாரு. எதுக்குன்னு நீங்க கேக்கல. நீங்க சிரிச்சீங்க. நானும் சிரிச்சுட்டேன்." அவருக்கும் முகம் செத்துப்போயிற்று.

அவர்மேல் கோபப்பட முடிந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. பீன்ஸ் ஊன்றியிருந்தால் அந்தக் கோப்பையிலேயே தெரிந்திருக்கும். உலகத்தில் இத்தனை விதை இருக்க, இந்த விஷம் தொடாத ஒன்றைத் தேடி எடுத்து, அதைக் கையில் ஏந்திக்கொண்டு மாடி மாடியாக ஏறிக் காட்டியிருக்கிறாள். வீடு வரைக்கும் நடந்தே வந்தாள். பேருந்தில் ஏறினால் யாராவது முகத்தைப் பார்த்து என்ன ஆச்சு என்று கேட்பார்கள் என்று பயமாக இருந்தது.

நேராக நாத்தனார் வீட்டுக்குத்தான் போனாள். சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். நாத்தனார் குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் குறுக்கே பேசாமல் கேட்டது அதுதான் முதல் தடவை.

"மண்ணு எத்தனை நாளைக்கு இப்படி இருக்கும்?"

"வருஷக்கணக்குல அண்ணி. உங்க பாத்திதான் ரொம்ப மோசம். ரெண்டு பங்கு."

நாத்தனார் எழுந்து போய் அடுப்பின் மேல் இருந்த வெறும் பாத்திரத்தை நகர்த்தி வைத்தார். பிறகு திரும்பினார். "இதை வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. வெயில்னு சொல்றாங்க, வெயிலாவே இருக்கட்டும். நாளன்னிக்குக் கூட்டம். நீ வாயைத் திறந்தா ரெண்டுகார் அன்னிக்கே சிமெண்ட் மூட்டை இறக்கிடுவாரு. கூட்டத்துல நான் பேசிக்கிறேன். அப்புறம் மெதுவா அந்த உரத்தை எங்கயாவது ஏத்தி அனுப்பிடலாம். யாருக்கும் தெரிய வேண்டாம்."

உரக்கா தலையாட்டினாள். ஆட்டும்போது உண்மையாகத்தான் ஆட்டினாள். நாத்தனார் அவள் தலையில் கை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். அந்தக் கையின் கனம் படியிறங்கும் வரை அவள் தலையில் இருந்தது.

கூட்டம் மனையில் நடந்தது. அவள் கேட்டு வாங்கிய இடம். சுருண்ட செடிகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ரெண்டுகார் எழுந்து சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். அவர் ஒன்றும் சொல்லத் தேவையே இல்லை, ஆனாலும் சொன்னார். "எல்லாரும் பார்க்கிறீங்க. உழைப்பை நான் குறை சொல்லல. ஆனா பலன்னு ஒண்ணு இருக்கணும்ல. இடத்தை உபயோகமா மாத்தலாம்."

நாத்தனார் எழுந்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு நடுவில் வந்து நின்றார். "வெயில் அடிச்சா செடி வாடும். வருஷாவருஷம் தின்னீங்களே தக்காளி, அப்ப எங்க போச்சு இந்தப் பலன் பேச்சு? விதைக்கடையில ஏமாத்தியிருப்பான். இல்ல வெயிலு. என் தம்பி பொண்டாட்டி உரத்துல குறை இருந்தா என் நாக்கு அழுகிப் போகட்டும்." அவர் குரல் கணீரென்று இருந்தது. யாரோ கை தட்டினார்கள். தையல்காரர், "அக்கா சொல்றது சரி, ஒரு வருஷம் தப்பினா என்ன, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றார். புதுப்பெண் உற்சாகமாகிவிட்டாள். "நாத்து மறுபடி வாங்கி நடுவோம். தொட்டியில மிச்சம் இருக்கிற உரத்தை இந்தத் தடவை கூடவே போடுவோம். எங்க அம்மா வீட்டுத் தோட்டத்துக்கும் ரெண்டு மூட்டை எடுத்துட்டுப் போறேன், அவங்க கேட்டுட்டே இருக்காங்க."

ஆமாம் ஆமாம் என்றார்கள். ரெண்டுகார் வேறு வழியில்லாமல், உரத்தொட்டி தொடரலாம் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார். கைகள் எழுந்தன. போன வருஷம் மடியிலேயே கிடந்த கைகள்கூட எழுந்தன. உரக்கா தன் வாழ்க்கையில் இத்தனை கைகளைத் தனக்காகப் பார்த்ததில்லை. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடலாம் என்று இருந்தது. புதுப்பெண்ணின் அம்மா எப்படி இருப்பாள் என்று அவளுக்குத் தெரியாது. தோட்டம் எப்படி இருக்கும் என்று மட்டும் தெரிந்தது.

"அந்த உரத்தைப் போடாதீங்க" என்றாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் கேட்டுவிட்டது. நாத்தனார் அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவள் எழுந்து நின்றுகொண்டாள். புல், மருந்து, சோளம், எல்லாவற்றையும் சொன்னாள். தட்டச்சில் ஒரு வரி விடாமல் அடிப்பது போல, முகத்தை யாரிடமும் திருப்பாமல் சொன்னாள். இந்த மண்ணில் வருஷக்கணக்கில் எதுவும் வராது என்றும் சொன்னாள். ஒவ்வொரு கையாக இறங்கியது. தூக்கியதே வெட்கம் என்பது போல இறங்கியது.

"அப்ப அக்கா சொன்னது?" என்று தையல்காரர் நாத்தனாரைப் பார்த்தார். "உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

அழுகிப் போகட்டும் என்று பந்தயம் கட்டிய நாக்கு வாய்க்குள் அசையவில்லை. பதில் தேவைப்படவும் இல்லை, எல்லோரும் புரிந்துகொண்டார்கள். யாரோ பின்னால் சிரித்தார்கள். "குடும்பமா சேர்ந்துதான்" என்று ஒரு குரல் வந்தது. ரெண்டுகார் மறுபடி கேட்டபோது சிமெண்டுக்கு எழுந்த கைகளை எண்ண வேண்டியிருக்கவில்லை. உண்மையைச் சொன்னதற்காக ஒருவராவது நன்றி சொல்வார் என்று உரக்கா எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். கொஞ்சம் எதிர்பார்த்தாள். புதுப்பெண் அவளைத் தாண்டிப் போகும்போது கையை உதறிக்கொண்டு போனாள், உரம் ஒட்டியிருப்பது போல.

படிக்கட்டில் நாத்தனாரைப் பிடித்தாள். "அண்ணி, அந்தப் பொண்ணு அவங்க அம்மா வீட்டுக்கு..."

"பேசாத." நாத்தனார் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது. "நான் யாருக்காகப் பொய் சொன்னேன்? எனக்காகவா? நாப்பது வீட்டு முன்னாடி என்னைப் பொய்க்காரியா நிக்க வச்சுட்ட. நான் எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல." இரண்டு படி ஏறினார். திரும்பாமலே சொன்னார்: "அன்னிக்கு சாக்லேட் காகிதத்தைப் பார்த்துட்டு வாயை மூடத் தெரிஞ்சுதே உனக்கு. இன்னிக்கு ஏன் தெரியல?"

அது உங்க ஒருத்தர் விஷயம் அண்ணி, இது மண்ணு, என்று பதில் இருந்தது. அதற்குள் கதவு சாத்துகிற சத்தம் மூன்றாவது மாடியிலிருந்து வந்தது.

சிமெண்ட் கலக்கும் இயந்திரம் இரண்டு மாதத்தில் வந்துவிட்டது. தொட்டிச் செங்கல்லை உடைத்துத் தரைக்கு அடியில் போட்டார்கள். உரத்தை ஒரு லாரி ஏற்றிக்கொண்டு போயிற்று. எங்கே என்று உரக்கா விசாரித்தாள், ஓட்டுநருக்கே தெரியவில்லை. சோளத்தை வெட்டுவதற்கு முன்னால் வீட்டுக்காரர் ஓடிப்போய்க் கதிர்களை ஒடித்து வந்தார். நல்ல முற்றிய கதிர்கள். சமையலறை மேடையில் வைத்தார். அதை யார் வேகவைப்பது, யார் தின்பது? உரிக்காத தோல் காய்ந்து, மணிகள் சுருங்கும் வரை அங்கேயே கிடந்தன. அவள் வேலைக்கு இடைஞ்சல் என்று நகர்த்தி நகர்த்தி வைத்தாள், தூக்கிப்போடவும் இல்லை.

குடியிருப்பின் வாளிகள் மறுபடி ஒன்றாயின. இரண்டு வாளி பிடித்த வீடுகள் ஒன்றைத் துணி ஊறவைக்க எடுத்துக்கொண்டன. காலையில் முன்வாசலுக்குக் குப்பை வண்டி வரும், எல்லோரும் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டிக் கொடுத்தார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை. உரக்கா என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள். எதிரே பார்த்தால், "என்னம்மா" என்றார்கள்.

நாத்தனார் முன்வாசலுக்கு வருவதே இல்லை. வர வேண்டுமானால் தரைத்தளத்தில் தம்பி வீட்டு வாசலைத் தாண்ட வேண்டும். தம்பியோடு தொலைபேசியில் பேசுவார். பின்னால் இவள் குரல் கேட்டால் வைத்துவிடுவார்.

அப்படி இருக்கையில் ஒரு காலை, உரக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, பின்பக்கம் பொத்தென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை அவள் எங்கே கேட்டாலும் அடையாளம் கண்டுகொள்வாள். முன்பு குவியல் மேல் மெத்தென்று விழுந்தது, இப்போது சிமெண்டில் அறைந்தது. பழையபடி ஆரம்பித்துவிட்டார், அவ்வளவுதான், எல்லாம் போயிற்று என்று நினைத்துக் கையைத் துடைத்தாள். துடைத்து முடிப்பதற்குள் இன்னொரு பொத்.

வெளியே போனாள். ரெண்டுகாரின் இரண்டாவது கார் பளபளவென்று நின்றது. அதன் சக்கரத்துக்குப் பக்கத்தில் இரண்டு பைகள். ஒன்று விழுந்த வேகத்தில் வெடித்து, உருளைக்கிழங்குத் தோலும் முட்டை ஓடும் சிதறிக் கிடந்தன. வேறு ஒன்றும் அதில் இல்லை. மற்றொன்றின் முடிச்சு அவிழ்ந்திருந்தது. உள்ளே பால் கவர்கள். கழுவி, காயவைத்து, நாலாக மடித்தவை. அவற்றுக்கு அடியில் சாக்லேட் காகிதங்களும் இருந்தன, அவையும் தட்டையாக, ஒன்றன்மேல் ஒன்றாக.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு அழுதாள்.

குப்பை வண்டிக்காரர் வண்டியைப் பின்பக்கமே கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் பெருக்குமாறோடு இறங்கினார். தோலை வாரி முதல் பைக்குள் தள்ளினார். இரண்டு பையையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்தார். "அது வேற, இது வேறங்க" என்று உரக்கா சொல்லிவிட்டாள், சொல்ல நினைக்காமலே.

"எல்லாம் ஒரே இடத்துக்குத்தானேம்மா போகுது" என்றார் அவர். குத்தலாகச் சொல்லவில்லை. பைகளை வண்டிக்குள் வீசினார், நெம்புகோலை இழுத்தார், உள்ளே இரும்புப் பலகை இறங்கி எல்லாவற்றையும் சேர்த்து நசுக்கியது.

வண்டி போன பிறகு அவள் அண்ணாந்து பார்த்தாள். மூன்றாவது மாடி பால்கனிக் கதவு சாத்தியிருந்தது. வெளியே கொடியில், நாளைக்கு எறியப்போகிற பால் கவர்கள் கிளிப்பில் காய்ந்துகொண்டிருந்தன.